வேதநாயகம் சாஸ்திரியார்

வேதநாயகம் சாஸ்திரியார் (செப்டம்பர் 7, 1774 - சனவரி 24, 1864) தஞ்சாவூரில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவக் கவிஞரும் பாடகரும் ஆவார். தாமே பாடல்களை இயற்றி, தம் குழுவினருடன் ஊர்தோறும் பாடி வந்தார். மக்களிடையே பரவியிருந்த குறவஞ்சி, கும்மி, நாடகம் போன்ற வடிவங்களைச் சீர்திருத்தக் கிறித்தவப் பாடலுக்குப் பயன்படுத்தினார். புதின ஆசிரியரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) வேறொருவர்.

இளமை

இவர் திருநெல்வேலியில் பிறந்தார். செருமானிய மிஷனரி சுவார்ட்சு 1785-இல் இவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று கல்வி அளித்தார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சிடம் பயின்றவர். தரங்கம்பாடியில் இறையியல் கற்ற பின், சாஸ்திரியார் தஞ்சாவூர் மிஷன் பள்ளியில் ஆசிரியரானார்.

படைப்புகள்

1800-இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி இவரது சிறந்த நூலாகக் கருதப்படுகிறது. குறவஞ்சி நாடகங்களில் தலைவனின் உலாவைக் கண்ட தலைவி அவன்மீது காதல் கொண்டு வருந்துவாள்; குறத்தி வந்து குறி சொல்வாள். சாஸ்திரியார் இவ்வமைப்பை மாற்றாமல், பாத்திரங்களை மாற்றினார். தலைவன் இயேசு; தலைவி சீயோன் மகளாகிய தேவமோகினி; குறி சொல்லும் குறத்தி விசுவாசம். சூரியனைக் கோள்கள் சுற்றுகின்றன என்னும் கோப்பர்னிக்கசின் கொள்கையும் இந்நூலில் இடம்பெறுகிறது.

நோவாவின் பேழையைப் பொருளாகக் கொண்ட ஞானத்தச்ச நாடகம், மூடநம்பிக்கைகளைக் கண்டிக்கும் சாஸ்திரக் கும்மி, செபமாலை ஆகியன இவரது பிற நூல்களுள் சில.

மிஷனரிகளுடன் முரண்பாடு

சுவார்ட்சின் காலத்தில் தமிழ் இசைக்கும் வழக்கங்களுக்கும் இடம் இருந்தது. புதிதாக வந்த மிஷனரிகள் இவற்றை மாற்ற முற்பட்டனர். சாஸ்திரியார் 1829-இல் இதனை எதிர்த்து எழுதினார். வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துதல், திருமணம் முதலியவற்றில் மலர்களை விலக்குதல், வழிபாட்டிலிருந்து தமிழ்ப் பாடல்களை நீக்குதல், சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒன்றாக வழிபடுதல் ஆகிய நான்கும் அவர் எதிர்த்தவை. தமிழ் இசைக்காக வாதாடிய அவரே, வேளாளர் என்ற முறையில், ஆலயத்தில் சாதிப் பிரிவினை நீடிக்க வேண்டும் என்றும் வாதாடினார். இவ்விரண்டையும் அவர் நாட்டு வழக்கம் என ஒன்றாகவே கருதினார். ஆனால் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களுக்கு அவ்வழக்கம் ஆலயத்திலும் தொடர்ந்த இழிவாக இருந்தது.

இப்பூசலில் சாஸ்திரியார் மிஷன் பணியை இழந்தார். சரபோசி மன்னர் அவரை அரசவைக் கவிஞராக்கி ஆதரித்தார். சிவ வழிபாட்டினரான மன்னரின் அவையில் இவர் கிறித்தவராகவே இருந்து பாடினார். மன்னர் 1832-இல் காலமானார்.

பாடல்களின் பரவல்

பாடல்களைப் பொறுத்தவரை நிலைமை பின்னர் மாறியது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், சாஸ்திரியாரின் துணையுடன் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து, பொது வழிபாட்டுக்கென 1853-இல் வெளியிட்டார். ஒரு சாரார் விலக்க முயன்ற இசை, இவ்வாறு மற்றொரு மிஷனின் வழியாக ஆலயத்துள் நிலைபெற்றது. சாஸ்திரியார் அதன்பின் பதினோராண்டுகள் வாழ்ந்து, 89-ஆம் அகவையில் மறைந்தார்.

அவரது வழித்தோன்றல்கள் சாஸ்திரியார் என்னும் பட்டத்துடன் இப்பாடல்களைத் தொடர்ந்து பாடி வந்தனர். கித்தாரும் விசைப்பலகையும் ஒலிக்கும் இன்றைய தமிழ் ஆலயங்களிலும் அவரது கீர்த்தனைகள் பாடப்படுகின்றன.