விவிலியமும் வரலாற்றுத் திறனாய்வும் – 9: மாற்கு நற்செய்தி எங்கே முடிகிறது?

மாற்கு நற்செய்தியின் பதினாறாம் அதிகாரம் அச்சிட்ட விவிலியங்களில் இருபது வசனங்களோடு முடிகிறது. ஆனால் அந்த அதிகாரத்தைத் தாங்கி இன்றுவரை பிழைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் இரண்டும் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. எஞ்சிய பன்னிரண்டு வசனங்களும் மாற்கு எழுதியவை அல்ல என்பதில் இன்றைய ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர், கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையினர், எச்சமயமும் சாராதோர் என்ற வேறுபாடின்றி, ஒத்த கருத்துடையவர்கள். நான்கு நற்செய்திகளுள் மாற்குவே முந்தியது, கி.பி. 70ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது, மத்தேயுவும் லூக்காவும் அதைக் கையில் வைத்துக்கொண்டே தத்தம் நூல்களை எழுதினார்கள் என்ற முடிவுக்கு ஆய்வுலகம் வந்த வழி சென்ற இதழில் விளக்கப்பட்டது. அந்த முடிவு இவ்வாரமும் தேவைப்படும்.

முதல் எட்டு வசனங்களில் நடப்பது இது. ஓய்வுநாள் கழிந்ததும் மகதலா மரியா, யாக்கோபின் தாய் மரியா, சலோமி ஆகிய மூவரும் இயேசுவின் உடலில் பூசுவதற்கு நறுமணப் பொருள்களை வாங்கிக்கொண்டு, ஞாயிறு அதிகாலையில் கல்லறைக்குப் போகிறார்கள். வாயிலை அடைத்திருக்கும் கல்லை யார் புரட்டுவார்கள் என்று வழியில் கவலைப்படும் அவர்கள், கல் ஏற்கெனவே புரட்டப்பட்டிருப்பதையும் உள்ளே வெள்ளுடை அணிந்த இளைஞன் ஒருவன் அமர்ந்திருப்பதையும் காண்கிறார்கள். இயேசு உயிர்த்தெழுந்துவிட்டார், முன்பே சொன்னபடி கலிலேயாவுக்கு முந்திப் போகிறார், அங்கே அவரைக் காணலாம் என்று சீடர்களுக்கும் பேதுருவுக்கும் அறிவிக்கும்படி அவன் பணிக்கிறான். பெண்களோ நடுநடுங்கி, கல்லறையை விட்டு ஓடிப்போகிறார்கள்; அச்சத்தினால் அவர்கள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பதோடு எட்டாம் வசனம் முடிகிறது. உயிர்த்தெழுந்த இயேசு ஒரு முறைகூட வாசகரின் கண்முன் வருவதில்லை.

இப்படி முடியும் பிரதிகளில் தலையாயவை நான்காம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட இரண்டு. ஒன்று, சினாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தில் ஜெர்மானிய அறிஞர் டிஷென்டார்ஃப் 1844இல் சில ஏடுகளாகவும் 1859இல் பெரும்பகுதியாகவும் கண்ட சினாய்ப் பிரதி. ரஷ்யாவுக்குச் சென்ற அந்தப் பெரும்பகுதியை 1933இல் சோவியத் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டன் வாங்கியது. மற்றொன்று, 15ஆம் நூற்றாண்டிலேயே வத்திக்கான் நூலகப் பட்டியலில் இடம்பெற்றுவிட்ட வத்திக்கான் பிரதி. இதில் பக்கத்துக்கு மூன்று பத்திகள். புதிய ஏற்பாட்டுப் பகுதியில் ஒரு நூல் முடிந்தால் அடுத்த பத்தியிலேயே மறு நூலைத் தொடங்குவது அதை எழுதியவரின் வழக்கம். மாற்குவை மட்டும் அவர் இரண்டாம் பத்தியில் எட்டாம் வசனத்தோடு முடித்து, நூற்பெயரையும் எழுதிவிட்டு, மூன்றாம் பத்தி முழுவதையும் வெறுமையாக விட்டு, லூக்காவை அடுத்த பக்கத்தில் தொடங்கியிருக்கிறார். வேறொரு முடிவும் வழங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் கையிலிருந்த மூலத்தில் அது இல்லாததால் எழுதாமல் இடம் மட்டும் விட்டார் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

அதே கத்தரீன் மடத்தில் 1892இல் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் என்ற பெண் அறிஞர் மற்றொரு சான்றைக் கண்டெடுத்தார். அது புனிதப் பெண்களின் வரலாறுகளைக் கூறும் சிரியாக்குத் தோல்நூல். உற்றுப் பார்த்தபோது, சுரண்டி அழிக்கப்பட்ட பழைய எழுத்துகளின் மேல் அது எழுதப்பட்டிருப்பதும், அடியில் மங்கலாகத் தெரிந்தவை நற்செய்திகளின் மிகப் பழைய சிரியாக்கு மொழிபெயர்ப்பு என்பதும் புலப்பட்டன. தோல் விலையுயர்ந்த பொருள் என்பதால் பழைய எழுத்தை அழித்துவிட்டு அதிலேயே புதிதாக எழுதுவது அக்கால வழக்கம். அந்த அடி எழுத்திலும் மாற்கு எட்டாம் வசனத்தோடு முடிகிறது. இவற்றோடு, நான்காம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தமக்குத் தெரிந்த திருத்தமான பிரதிகள் எட்டாம் வசனத்தில் முடிவதாக எழுதியிருப்பதும், லத்தீன் மொழிபெயர்ப்பாளர் ஜெரோம் அதையே பின்மொழிந்திருப்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை. ஆகவே இந்த ஐயம் சமயத்தின் பகைவர்கள் அண்மையில் கிளப்பியது அன்று; திருச்சபைத் தந்தையரே பதிவு செய்தது.

மறுதரப்பிலும் வலுவான வாதங்கள் உண்டு. இன்று கிடைக்கும் மாற்குவின் கிரேக்கப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவை பன்னிரண்டு வசனங்களையும் கொண்டவை. கி.பி. 180ஐ ஒட்டி எழுதிய லியோன் நகர ஆயர் இரேனியஸ், பத்தொன்பதாம் வசனத்தை மாற்கு எழுதியதாகவே எடுத்தாள்கிறார். அந்தச் சான்று சினாய், வத்திக்கான் பிரதிகளைவிட ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் மூத்தது. இவற்றைக் கொண்டு ஆங்கிலேய அறிஞர் பர்கன் 1871இல் இவ்வசனங்களுக்காகவே தனி நூல் எழுதி வாதாடினார். அவர் திரட்டிய தரவுகளைப் புறக்கணித்துவிட்டு இப்பொருளைப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அத்தரவுகள் மெய்ப்பிப்பது, இப்பகுதி இரண்டாம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது என்பதை மட்டுமே. பெரும்பாலான பிரதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்றாகப் பெருகிய பிற்காலப் படிகள் என்பதால், பிரதிகளை எண்ணுவதைவிட எடைபோடுவதே பாடத் திறனாய்வின், அதாவது பாடபேதங்களை ஒப்பிட்டு ஆசிரியர் எழுதிய மூலத்தைத் தேடும் துறையின், முதல் விதியாயிற்று. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப் பாடல்கள் தனியே பிரித்து அச்சிடப்படுவதைக் கண்டிருக்கும் தமிழ் வாசகருக்கு இந்த முறை புதியதன்று. அங்கே எவரும் கம்பனை அவமதித்ததாக எண்ணுவதில்லை.

பிரதிகளை ஒதுக்கி வைத்துவிட்டு வாசகத்தை மட்டும் பார்த்தாலும் ஒட்டுத் தெரிகிறது. எட்டாம் வசனத்தில் எழுவாய் பெண்கள். ஒன்பதாம் வசனமோ கிரேக்கத்தில் இயேசுவின் பெயரைக்கூடச் சொல்லாமல், உயிர்த்தெழுந்தவர் முதலில் மகதலா மரியாவுக்குத் தோன்றினார் என்று வேறொரு கதையின் நடுவிலிருந்து வந்ததுபோல் தொடங்குகிறது. அந்த மரியாவை, இயேசு ஏழு பேய்களை விரட்டிய பெண் என்று அது அறிமுகம் செய்துவைக்கிறது. சிலுவையருகிலும், அடக்கத்தின்போதும், அதே அதிகாரத்தின் முதல் வசனத்திலும் மூன்று முறை பெயர் சொல்லப்பட்டவருக்கு இப்போது அறிமுகம் எதற்கு? உடன் வந்த மற்ற இரு பெண்களும் சுவடின்றி மறைகிறார்கள். கலிலேயாவில் காண்பீர்கள் என்ற வாக்குறுதி நிறைவேறவும் இல்லை, நினைக்கப்படவும் இல்லை. பின்வருபவை யோவான் கூறும் மரியாவின் சந்திப்பு, லூக்கா கூறும் இரு வழிப்போக்கரின் சந்திப்பு, உணவு மேசையருகே பதினொருவருக்குத் தோன்றுதல், விண்ணேற்றம் ஆகியவற்றின் சுருக்கமாகவே வாசிக்கக் கிடைக்கின்றன. நிகழ்ச்சிகளை நுணுக்கமாக விவரிக்கும் மாற்குவின் கை இங்கே இல்லை.

இன்னும் ஆணித்தரமான சான்றை மத்தேயுவும் லூக்காவும் தருகின்றனர். வெறுங்கல்லறைக் காட்சி வரை மாற்குவை ஒட்டியே வரும் இருவரும், அவர் எட்டாம் வசனத்தில் நிறுத்தும் இடத்திலிருந்து ஆளுக்கொரு திசையில் பிரிகிறார்கள்: மத்தேயு கலிலேயா மலைக்கும், லூக்கா எருசலேமுக்கும் அதை அடுத்த எம்மாவு வழிக்கும். பெண்கள் சொல்லாமல் போனதை இருவருமே ஏற்கவில்லை. மத்தேயுவில் அவர்கள் அச்சத்தோடு பெருமகிழ்ச்சியும் கொண்டு சொல்ல ஓடுகிறார்கள், லூக்காவில் சொல்லியே விடுகிறார்கள். மாற்குவின் முதல் வாசகர்களான இவ்விருவரின் கையிலிருந்த பிரதியும் அங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்பதே இதன் இயல்பான விளக்கம்.

படியெடுத்தவர்களும் அதே சங்கடத்தை அனுபவித்திருக்கிறார்கள். வட இத்தாலியின் பாபியோ மடத்துக்குரிய பழைய லத்தீன் பிரதி ஒன்றில், பெண்கள் பேதுருவைச் சேர்ந்தவர்களிடம் யாவற்றையும் சுருக்கமாக அறிவித்தார்கள், பிறகு இயேசுவே அவர்கள் வழியாக மீட்பின் செய்தியைக் கிழக்கு முதல் மேற்கு வரை அனுப்பினார் என்ற குறுகிய முடிவு மட்டும் இருக்கிறது. அந்த முடிவைச் சேர்த்தவர், அல்லது அவருடைய மூலத்தை எழுதியவர், முரண்பாடு தெரியாதிருக்க எட்டாம் வசனத்திலிருந்து யாரிடமும் சொல்லவில்லை என்ற தொடரையே நீக்கிவிட்டார். அமெரிக்கரான ஃப்ரீர் 1906இல் எகிப்தில் வாங்கி, இப்போது வாஷிங்டனில் உள்ள கிரேக்கப் பிரதியோ நீண்ட முடிவின் நடுவே, சீடர்கள் தங்கள் நம்பிக்கையின்மைக்குச் சாத்தானைக் காரணம் காட்டி மன்னிப்புக் கோரும் உரையாடல் ஒன்றைக் கூடுதலாகத் தருகிறது. 989ஆம் ஆண்டின் ஆர்மீனியப் பிரதி ஒன்று, பன்னிரண்டு வசனங்களுக்கு மேல் அவை அரிஸ்டோன் என்னும் மூப்பருடையவை என்று குறிப்பே எழுதி வைத்திருக்கிறது. முடிவு ஒன்றாக இருந்திருந்தால் இத்தனை முடிவுகள் தோன்றியிருக்க மாட்டா.

அப்படியானால் மாற்கு எட்டாம் வசனத்தில் முடிக்கவே நினைத்தாரா, அல்லது கடைசி ஏடு தொலைந்துபோயிற்றா? அறிஞர்கள் இங்கே இரு பிரிவாக நிற்கிறார்கள். ஆயினும் இந்நூலை முதலிலிருந்து தொடர்ந்து படிப்பவருக்கு, அம்முடிவு திடீரென வந்து விழுந்ததாகத் தோன்றாது. மாற்கு காட்டும் சீடர்கள் தொடர்ந்து புரிந்துகொள்ளாதவர்கள், அஞ்சுகிறவர்கள். கெத்சமனித் தோட்டத்தில் எல்லாரும் இயேசுவைக் கைவிட்டு ஓடுகிறார்கள். போர்த்தியிருந்த துணியைப் போட்டுவிட்டு வெற்றுடம்போடு ஓடும் இளைஞன் ஒருவனும் அங்கே இருக்கிறான். பேதுரு மும்முறை மறுதலிக்கிறார். ஆண்கள் அனைவரும் ஓடிப்போன பிறகும் சிலுவையைத் தொலைவிலிருந்து பார்த்து நின்றவர்கள் பெண்கள் மட்டுமே; இறுதியில் அவர்களும் ஓடுகிறார்கள். நூலின் தொடக்கத்தில் யாரிடமும் சொல்லாதே என்று இயேசு கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிய தொழுநோயாளி ஊரெங்கும் பறைசாற்றினான். கடைசியில் போய்ச் சொல்லுங்கள் என்று பணிக்கப்பட்டவர்கள் வாய்திறக்கவில்லை. இந்த எதிர்நிலை தற்செயலாக அமைந்திருக்க முடியாது. பெண்கள் சொல்லாமலே இருந்திருந்தால் இந்த நூலே எழுதப்பட்டிருக்காது என்பது முதல் வாசகருக்குத் தெரியும். ஆகவே வாக்குறுதி மனிதரின் துணிவை நம்பி நிற்கவில்லை, தவறியவர்களையும் கடந்து அது கலிலேயாவில் காத்திருக்கிறது என்பதே மாற்கு சொல்ல வந்தது. துன்புறுத்தலில் சிதறிய ஒரு சபை, ஓடிப்போனவர்களும் மறுதலித்தவர்களும் நிறைந்த ஒரு சபை, இதைக் கேட்டபோது அடைந்த ஆறுதலைப் பன்னிரண்டு வசனங்களின் வெற்றி முழக்கம் தந்திருக்குமா என்பது ஐயமே.

அதற்காக அவ்வசனங்களைக் கிழித்தெறிய வேண்டுமென்று பாடத் திறனாய்வு சொல்வதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1546இல் திரெந்து சங்கத்தில் விவிலிய நூல்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் ஏற்றபடி, இவற்றையும் திருமறையாகவே கொள்கிறது. எழுதியவர் யார் என்ற கேள்வியும், திருமறையா என்ற கேள்வியும் வெவ்வேறானவை. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்த காலத்தில், ஐரோப்பாவில் வழங்கிய கிரேக்க அச்சுப் பதிப்புகள் 1516இன் இராஸ்மஸ் பதிப்பின் வழிவந்தவை. சினாய்ப் பிரதியை அன்று எவரும் அறியார். எனவே பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளில் பன்னிரண்டு வசனங்களும் எவ்விதக் குறியுமின்றித் தொடர்ந்து வருவதில் வியப்பில்லை. இன்று பல மொழிகளில் அவை அடைப்புக்குள்ளோ, அடிக்குறிப்போடோ அச்சாகின்றன.

அந்த அடிக்குறிப்பு அறிஞர்களின் பொழுதுபோக்கு அன்று. நம்புகிறவர்கள் பாம்புகளைக் கையில் எடுப்பார்கள், நஞ்சைக் குடித்தாலும் தீங்கு நேராது என்று பதினெட்டாம் வசனம் சொல்கிறது. அமெரிக்காவின் டென்னசி மலைப்பகுதியில் 1910ஐ ஒட்டி ஜார்ஜ் ஹென்ஸ்லி என்ற போதகர் இதைக் கட்டளையாகவே கொண்டு வழிபாட்டில் நச்சுப்பாம்புகளைக் கையாளத் தொடங்கினார். வழக்கம் பரவியது, உயிர்கள் போயின, டென்னசி அரசு 1947இல் அதைத் தடைசெய்யச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஹென்ஸ்லியும் 1955இல் பாம்பு தீண்டியே இறந்தார். ஒரு வசனத்தின் வரலாற்றை வாசகருக்குச் சொல்லாமல் மறைப்பது பக்தியைக் காப்பதாகாது.

திருவழிபாட்டின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. உரோமைத் திருச்சபையின் மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் மாற்குவுக்குரிய ஆண்டில், பாஸ்கா திருவிழிப்பின் நற்செய்தி வாசகம் ஏழாம் வசனத்தோடு நிறுத்தப்படுகிறது. பெண்கள் அஞ்சி ஓடும் எட்டாம் வசனம் அந்த இரவில் வாசிக்கப்படுவதில்லை. பாபியோ பிரதியை எழுதியவரின் சங்கடம் பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகும் தொடர்வதாகவே இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது. பல சீர்திருத்தச் சபைகள் பயன்படுத்தும் பொது வாசகப் பட்டியல் எட்டாம் வசனத்தையும் சேர்த்துக்கொண்டிருப்பதே மாற்குவுக்கு நியாயம் செய்வது. அவ்வசனத்தை நீக்கிவிட்டால், கலிலேயாவுக்கான வாக்குறுதி யாருக்காகச் சொல்லப்பட்டதோ அந்த அஞ்சியவர்களே காட்சியிலிருந்து நீங்கிவிடுகிறார்கள்.