தாத்தா போட்ட பத்து வெள்ளி

தோட்டத் துண்டாடலில் நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலம் அது. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக் கூலியில் மாதம் பத்து வெள்ளி மிச்சம் பிடித்து நம் பெரியவர்கள் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசில்தான் சங்கம் தோட்டங்களை வாங்கியது.

அந்தப் பங்குத்தாள் இன்று எங்கே? பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். "தாத்தாதான் போயிட்டாரே, இனி என்னத்துக்கு?" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தாத்தாவின் இறப்புப் பத்திரம், உங்கள் அடையாள அட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் உள்ள சங்கத்தில் விசாரியுங்கள். உங்கள் பெயரிலேயே பங்கு இருந்தால், வாரிசு பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். அசல் தாளை மட்டும் தரகர் கையில் கொடுக்காதீர்கள்.

கேட்கக் கூச்சம் எதற்கு? அது யாரோ போடும் தர்மம் இல்லை. நம்ம ஆட்களின் வியர்வைக் காசு!