இயர் பேட் மாறினால் ஒலியும் மாறும்!

ஹெட்போன் வாங்கும்போது ட்ரைவர் எத்தனை மில்லிமீட்டர், இம்பீடன்ஸ் எத்தனை ஓம் என்றெல்லாம் விசாரிக்கிறோம். இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்குபவர்கள் கூட காதைச் சுற்றி உட்காரும் இயர் பேட் பற்றிக் கேட்பதில்லை. அது வெறும் சொகுசுக்காக வைத்த மெத்தை என்பது நம் எண்ணம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் வீட்டில் இருந்த ஒரு பொக்கிஷத்தையே கெடுக்கப் பார்த்தேன்.

என் தாத்தா மிருதங்கம் வாசித்தவர். அவர் வீட்டில் வாசித்ததை அப்பா கேசட்டுகளில் பதிவு செய்து வைத்திருந்தார். சென்ற ஆண்டு அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆடாசிட்டி சாஃப்ட்வேரில் இரைச்சலை நீக்கும் வேலையில் இறங்கினேன். ஹெட்போனில் கேட்டபோது தொப்பிப் பக்கத்தின் கனமான நாதம் மிகவும் மெலிந்து ஒலித்தது. பழைய கேசட் தானே என்று நினைத்து, ஈக்வலைசரில் பாஸ் பகுதியைத் தாராளமாக உயர்த்திச் சேமித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஸ்பீக்கரில் போட்டேன். தொப்பி அறையையே அதிர வைத்தது. கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "இது தாத்தா கை இல்லையேடா" என்றார்.

கோளாறு கேசட்டில் இல்லை. மூன்று வருடம் உபயோகித்த என் ஹெட்போனின் பேட் உரிந்து, உள்ளே ஸ்பாஞ்ச் தட்டையாகிப் போயிருந்தது.

பாஸ் எங்கே போகிறது?

பின்பக்கம் மூடிய ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். ட்ரைவர், பேட், உங்கள் காது மூன்றும் சேர்ந்து ஒரு சிறிய மூடிய அறையை உண்டாக்குகின்றன. அந்த அறைக்குள் இருக்கும் காற்றை ட்ரைவர் அழுத்தியும் தளர்த்தியும்தான் பாஸ் ஒலியைத் தருகிறது.

வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை நினைத்துப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் காற்று இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். வேகமாக அழுத்தினால் கசிய நேரம் இருக்காது. ஹெட்போனிலும் இதே கதைதான். 40 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் விநாடிக்கு 40 முறை மட்டுமே அதிரும் மெதுவான அசைவு. பேடில் இடைவெளி இருந்தால் அந்த அழுத்தம் வெளியே ஓடிவிடும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. எனவே பாஸ் மட்டும் மெலிகிறது. மூக்குக் கண்ணாடியின் காம்பு பேடைத் தூக்கினாலும் இதே விளைவுதான்.

செயற்கைத் தோல் பேடுகளில் மேலே இருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு. ஈரப்பதம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் உரியும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் கூட அது மெதுவாகக் கெட்டுக்கொண்டுதான் இருக்கும்.

தடிமனும் துணியும்

பேட் உரிந்துவிட்டது, சரி. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் போதுமா? அதிலும் நான் ஏமாந்தேன். ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைத்த, நல்ல தடிமனான பேடை வாங்கி மாட்டினேன். காதுக்கு மிகவும் சுகமாக இருந்தது. பாஸ் திரும்பி வந்தது. ஆனால் பாடுபவரின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல் ஆகிவிட்டது.

காரணம் அலை நீளம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் சுமார் 7 மீட்டர். பேட் சில மில்லிமீட்டர் தடித்தாலும் அதற்குத் தெரியாது. ஆனால் 8,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். காதுக்கும் ட்ரைவருக்கும் உள்ள தூரமும், பேடின் உள் வாய் அகலமும் மாறும்போது இந்த உயர் ஒலிகள் பட்டுத் திரும்பும் விதமே மாறிவிடும். சில ஒலிகள் தூக்கலாகவும் சில ஒலிகள் அமுங்கியும் கேட்கும்.

பேடின் மேலுறையும் முக்கியம். தோல், செயற்கைத் தோல் இரண்டும் காற்றை விடாது. உயர் ஒலிகளைத் திருப்பி அனுப்பும். வெல்வெட் போன்ற வெலூர் துணி காற்றைச் சிறிது விடும். உயர் ஒலிகளைக் கொஞ்சம் உறிஞ்சும். எனவே வெலூர் பேட் வந்த ஹெட்போனில் தோல் பேடை மாட்டினால், அது வேறு ஒரு ஹெட்போன் ஆகிவிடுகிறது என்றே சொல்லலாம்.

1991-ல் வந்த சோனி எம்டிஆர்-7506, 1997-ல் வந்த சென்ஹைசர் எச்டி 600, 2003-ல் வந்த எச்டி 650, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ போன்றவற்றைப் பலர் ஆண்டுக்கணக்கில் உபயோகிக்கிறார்கள். பேடைக் கழற்றி மாற்றும் வசதி இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இவற்றில் எச்டி 600, 650 இரண்டும் பின்பக்கம் திறந்த வகை. திறந்த வகைதானே, கசிந்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். பேட் சரியாகப் பொருந்தாவிட்டால் அவற்றிலும் பாஸ் குறையும்.

ஈக்வலைசர் உபயோகிப்பவரா?

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச சாஃப்ட்வேரை நிறுவி, ஆட்டோஈக்யூ தொகுப்பிலிருந்து தங்கள் ஹெட்போனுக்கான அளவுகளை எடுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவுகள் ஒரு குறிப்பிட்ட பேடுடன், பெரும்பாலும் கம்பெனி பேடுடன், அளந்து தயாரித்தவை. நீங்கள் பேடை மாற்றிவிட்டால் இல்லாத குறையை அது திருத்தப் பார்க்கும். புதிதாக வந்த குறையை விட்டுவிடும். பேட் மாற்றியவுடன் ஈக்வலைசரை நிறுத்திவிட்டு முதலில் கேளுங்கள்.

நீங்களே சோதிக்கலாம்

1. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஆடாசிட்டியைத் திறந்து, ஜெனரேட் மெனுவில் டோன் தேர்ந்தெடுங்கள். 40 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் 0.1, நேரம் 30 விநாடி என்று கொடுங்கள். வால்யூமைக் குறைத்து வைத்து, பிறகு காதில் மாட்டுங்கள்.

2. ஒலி கேட்கும்போது இரண்டு கப்புகளையும் விரலால் லேசாக அழுத்துங்கள். நல்ல பேடில் சிறிய மாற்றமே தெரியும். ஒலி திடீரென்று பெருகினால் கசிவு இருக்கிறது.

3. கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை கேளுங்கள்.

4. பேடை வெளிச்சத்தில் பாருங்கள். காது மடல் உள்ளே இருக்கும் ட்ரைவர் மூடியில் இடித்தால் ஸ்பாஞ்ச் தன் ஆயுளை முடித்துவிட்டது.

வாங்கும்போது முதலில் கம்பெனி பேட் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் தடிமன், உள் வாய் அளவு, மேலுறை மூன்றும் பழையதைப் போலவே உள்ளதை வாங்குங்கள். "இன்னும் தடிமன், இன்னும் மென்மை" என்ற விளம்பரத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். சில மாடல்களில் ட்ரைவருக்கு முன்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் வட்டு இருக்கும். அதை மறக்காமல் திரும்ப வையுங்கள். இல்லாவிட்டால் ட்ரெபிள் காதைக் குத்தும். பழைய பேடை உடனே குப்பையில் போடாமல், ஒப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தாத்தாவின் கேசட் என்ன ஆயிற்று என்கிறீர்களா? திருத்தும் முன் எடுத்த மூல ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருந்ததால் தப்பித்தேன். ஒரு கேசட்டின் நாடா இடையில் அறுந்துவிட்டது. அந்த மூல ஃபைல் இல்லையென்றால் அது போனதுதான். கம்பெனி பேட் வாங்கி மாட்டி, பாஸைத் தொடாமல் இரைச்சலை மட்டும் நீக்கினேன். இந்த முறை அப்பாவிடம் ஹெட்போனையே கொடுத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை போடு" என்றார்.