பயிருக்கு வயது எண்ணுங்கள், வேலைக்கு நாள் குறியுங்கள்

விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறோம். எந்த வேலையை என்றைக்குச் செய்வது என்பதை மட்டும் மனசிலேயே வைத்துச் சமாளிக்கிறோம். நடுவில் மாடு கன்று போடும், வீட்டில் கல்யாண வேலை வரும். ‘அடடா, மேலுரம் போடலையே’ என்ற ஞாபகம் ஒரு வாரம் கழித்துத்தான் வரும்.

இதற்கு ஒரு மாதக் காலண்டரும் பென்சிலும் போதும். எழுதி வைப்பது மளிகைக்கடைக்காரர் வேலை என்று சிரிக்க வேண்டாம். எழுத நேரமில்லை என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லுங்கள், அழகாக எழுதித் தரும்.

முதலில் விதைத்த தேதியைக் குறியுங்கள். ஆடுதுறை 43 ரகம் 110 நாள் பயிர். நாற்றங்காலில் ஜூன் 10-ந் தேதி விதைத்தால் அறுவடை செப்டம்பர் 28 வாக்கில் வரும். இப்போது அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எந்த ரகமானாலும் பூத்த பிறகு முற்றுவதற்குச் சுமார் 30 நாள். கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூப்பதற்குச் சுமார் 35 நாள். ஆக, அறுவடைக்கு 65 நாள் முன்னால் கதிர் உருவாகத் தொடங்குகிறது. நம் கணக்கில் அது ஜூலை 25. ஜூலை 4-ல் நட்டிருந்தால், நட்டு மூன்றே வாரம்! ‘பயிர் இன்னும் சின்னதாத்தானே இருக்கு’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். சி.ஆர். 1009 மாதிரி 155, 160 நாள் ரகத்துக்கு இந்தப் பருவம் விதைத்து 90 நாளுக்கு மேல்தான் வரும். அண்டை வயல்காரர் போடுகிறார் என்று நாமும் போட முடியாது, அவர் ரகம் வேறாக இருக்கலாம்.

காலண்டர் சொன்ன நாளில் வயலையும் ஒருமுறை கேளுங்கள். தாய்த்தூர் ஒன்றைப் பிடுங்கி அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் பஞ்சு போல ஒரு நுனி தெரிந்தால் பருவம் வந்துவிட்டது, மேலுரம் இடலாம். இந்தத் தழைச்சத்தை நாள் தள்ளிப் போட்டால் கதிருக்குப் போவது குறையும். பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும், பூச்சியும் தேடி வரும்.

களைக்கொல்லியும் இப்படித்தான். நட்ட மூன்றாம் நாள், ஏக்கருக்கு ஒரு லிட்டர் 50 சத பூட்டாகுளோரை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, வயலில் மெல்லிய தண்ணீர் நிற்கும்போது தூவ வேண்டும். கையுறை அவசியம். களை முளைத்து இலை விட்ட பிறகு தூவினால் மருந்துக்காசும் போகும், களையெடுக்கிற ஆள் கூலியும் தனியாக வரும்.

ஆகவே இப்படிப்பட்ட வேலைகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வேலி கட்டுவது, கொட்டகை வேய்வது எல்லாம் தனித்தாளில் இருக்கட்டும், நாலு நாள் தள்ளினால் குடி முழுகாது. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதினால் சுலபமான வேலை முதலில் முடியும், அவசரமானது நிற்கும்.

அடுத்தவர் கையில் இருக்கும் வேலைக்கு முன்கூட்டியே ஒரு தேதி வேண்டும். களையெடுக்க நாளைக்கு ஆள் வேண்டுமென்றால் இன்று சாயங்காலமே சொல்லியாக வேண்டும். அதனால் காலண்டரைக் காலையில் பார்ப்பதைவிட விளக்கு வைக்கும் நேரத்தில் பார்ப்பது உத்தமம். மறுநாளுக்கு மூன்று வேலைக்கு மேல் எழுதாதீர்கள். கூட்டுறவுக் கடன் கெடு, பயிர்க் காப்பீட்டுக் கடைசி நாள் இரண்டையும் உங்கள் சங்கத்தில் கேட்டு, பத்து நாள் முந்தியே குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் கூட்டம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

செப்டம்பர் 18 வாக்கில் தண்ணீரை வடிக்க வேண்டும். அந்த நாளை விட்டால் அறுவடை எந்திரம் சேற்றில் இறங்காது. எந்திரக்காரரிடம் அதற்கு முந்தின வாரமே சொல்லிவையுங்கள். கொள்முதல் நிலையத்துக்கு வேண்டிய சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் மூன்றையும் அதே வாரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு அடங்கலுக்கு அலையும்போதுதான் மழை வரும்.