பழைய கணினியில் முடங்கிய தமிழ்: எழுத்து சிதையாமல் மீட்பது எப்படி?

திரிங்காப், கோல தெர்லா, கம்போங் ராஜா போன்ற கேமரன் மலைத் தோட்டப் பகுதிகளில் ஆலய வரவு செலவு, ஆண்டுக் கூட்டக் குறிப்பு, திருவிழா மலர், நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் ஒரு காலத்தில் கையெழுத்து நோட்டில் இருந்தன. பிறகு அவை கணினிக்கு மாறின. நோட்டை இன்றும் புரட்டிப் படித்துவிடலாம். ஆனால், அன்று கணினியில் தட்டச்சு செய்ததைத் திறந்தால் பல வேளைகளில் திரையில் தெரிவது தமிழாக இருப்பதில்லை. புரியாத ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான்.

கோப்பு கெட்டுவிட்டது என்று பலர் அழித்துவிடுகிறார்கள். உண்மையில் அது கெடவில்லை. அதைக் காட்டும் எழுத்துருதான் புதிய கணினியில் இல்லை.

காரணம் இதுதான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்தத் தமிழ் எழுத்தைக் குறிக்கும் என்பதில் அன்று பொது உடன்பாடு இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். இலங்கைத் தமிழரிடையே பாமினி பரவியது. இணையத் தமிழர்கள் கூடி டிஸ்கி முறையை வகுத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து டேப், டேம் முறைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எண் வரிசை வேறு.

பாமினியில் ‘அம்மா’ என்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகியிருக்கும். பாமினி எழுத்துரு இருந்தால் அம்மா தெரிவார். இல்லாவிட்டால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். இன்று கைப்பேசி வரை எல்லாவற்றிலும் இயங்கும் யூனிகோட் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் ‘அ’வுக்கு உலகம் முழுவதும் ஒரே எண்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பழைய வேர்ட் கோப்பை நேரடியாக வெறும் உரைக் கோப்பாக, அதாவது டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்துவிடுகிறார்கள். டெக்ஸ்ட் கோப்பில் எழுத்துருவின் பெயர் நிற்காது. எந்த முறையில் தட்டச்சு செய்தது என்பதற்கான முக்கியத் தடயமும் அதோடு போய்விடும். எனவே முதலில் யூனிகோட், அதன் பிறகே டெக்ஸ்ட் கோப்பு. வரிசை மாறக்கூடாது.

செய்யவேண்டியவை:

1. மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

2. நகலை வேர்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்து, எழுத்தின் மேல் சொடுக்கி எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரின் தொடக்கத்தில் டிஎஸ்சி என்றிருந்தால் பெரும்பாலும் டிஸ்கி. டேப், டேம் என்றிருந்தால் அந்தந்த முறை.

3. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் சரியான முறையைத் தேர்ந்து மாற்றுங்கள். அடையாள அட்டை எண், சம்பள விவரம் உள்ள கோப்புகளை அறிமுகமில்லாத இணையத்தளங்களில் ஒட்ட வேண்டாம். கணினியிலேயே இயங்கும் மாற்றி பாதுகாப்பானது.

4. ஆங்கில, மலாய்ச் சொற்களைக் கவனியுங்கள். டிஸ்கியில் ஆங்கில எழுத்துகளுக்குத் தனி இடம் உண்டு; அவை அப்படியே இருக்கும். பாமினியில் அப்படியில்லை. ஒரு மலாய் முகவரியைச் சேர்த்து மாற்றினால் அதுவும் பொருளற்ற தமிழாகிவிடும். அத்தகைய வரிகளைத் தனியே வைத்துவிட்டு மாற்றுங்கள்.

5. யாராவது ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் புதியதைச் சரிபார்க்கட்டும். பழைய முறைகளில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவானது. யூனிகோடில் ககரம் முதலில் வரும். மாற்றி தவறினால் கொம்பு பக்கத்து எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். கால் போடவேண்டிய இடத்தில் ‘ர’ தட்டிய பழைய பிழைகளும் இப்போதுதான் வெளிவரும்.

6. இறுதியில் டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிக்கும்போது குறியீட்டு முறையாக யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டை முதலில் எழுதினால் பின்னால் தேடுவது எளிது.

டெக்ஸ்ட் கோப்பில் தடித்த எழுத்து, படம், அட்டவணைக் கோடு எதுவும் இருக்காது. கணக்குப் பட்டியலின் அமைப்பு முக்கியமென்றால், பழைய எழுத்துரு உள்ள கணினியிலேயே அதை பிடிஎஃப் ஆகவும் எடுத்து வையுங்கள். படிக்க பிடிஎஃப், தேட டெக்ஸ்ட்.

இது புதிய வேலையும் அல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு கணினியில் ஏற்றியது. முன்பு டிஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. அதனால்தான் அந்நூல்களை இன்று கைப்பேசியிலும் படிக்க முடிகிறது.

ஆனால், சங்க இலக்கியத்துக்கு வேறு பிரதிகள் உண்டு. ஒரு தோட்டத்து ஆலயத்தின் திருப்பணிக் கணக்குக்கு வேறு பிரதி இல்லை. எந்த ஆண்டு எந்தக் குடும்பம் எவ்வளவு கொடுத்தது, ஆலயம் அந்த இடத்தில் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்ற கேள்வி எழும்போது காட்டுவதற்கு அந்தக் கோப்பு மட்டுமே இருக்கலாம். மலையின் ஈரக்காற்றில் நெகிழ்வட்டும் குறுந்தட்டும் பூஞ்சை பிடித்துவிட்டால் எந்த மாற்றியாலும் பயனில்லை.

ஆகவே நிர்வாகக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இதற்கு இருவரை நியமிக்கலாம்: பழைய கோப்புகளைத் தட்டச்சு செய்த மூத்தவர் ஒருவர், கணினி தெரிந்த இளையவர் ஒருவர். மூத்தவருக்கு ஆட்களின் பெயர் தெரியும். இளையவருக்கு வழி தெரியும். மீட்டதை ஆலயத்தில் ஒன்று, செயலாளர் வீட்டில் ஒன்று, மலைக்குக் கீழே வசிக்கும் உறுப்பினரிடம் ஒன்று என மூன்று பிரதிகளாக வைத்துவிட வேண்டும்.