போனில் வரும் புது வசதி: யார் கேட்டு வந்தது?



2020-ல் கொரோனா வந்தபோது குழுக் கூட்டம் போட முடியவில்லை. அப்போதுதான் நம்மில் பலர் போனிலேயே கூட்டம் பேசக் கற்றுக்கொண்டோம். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்த பிள்ளைகள் ஊருக்கு வந்து, திண்ணையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்தார்கள். "நாள் முழுக்க அந்தப் பெட்டியோட பேசிக்கிட்டே இருக்கானே, இது என்ன வேலைங்க?" என்று எங்களிடம் கேட்ட அம்மாக்கள் உண்டு.

பத்து ஊரில் இருக்கிறவர்கள் ஒரே வேலையைச் சேர்ந்து செய்ய உதவும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஜூம் என்று பெயர்கள். பிள்ளைகள் பேசியது அவற்றில்தான். நம் கூட்டமைப்புக்கு அந்த வேலையை வாட்ஸ்அப் குரூப் செய்கிறது. கூட்டத் தேதி, தவணை விவரம், வங்கிக்கு யார் போவது என்று எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

ஒரு நாள் காலையில் போனைத் திறந்தால், நேற்று வரை இல்லாத ஒரு பட்டன் அதில் இருக்கும். "யாரு இதைக் கொண்டுவந்து வச்சாங்க?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

நம் கணக்கு நோட்டில் ஒரு கட்டம் குறைவாக இருந்தால் என்ன செய்வோம்? ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொள்வோம். "அபராதம்" என்று தலைப்பு எழுதிக்கொள்வோம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. மென்பொருளில் அப்படிக் கோடு போட முடியாது. அதைச் செய்த கம்பெனிதான் போட வேண்டும். நமக்கு ஒரு கட்டம் குறைகிறது என்று அவர்களுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்? அதனால் இந்தக் கம்பெனிகள் பயன்படுத்துகிறவர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. எல்லாவற்றையும் கேட்டபடி செய்துவிடுகிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வருஷக்கணக்காகக் கேட்டும் கிடைக்காதவை நிறைய உண்டு. ஆனால் கிடைத்தவற்றைப் பார்த்தால் நமக்குச் சில விஷயங்கள் புரியும்.

120 பேர் சேர்ந்ததும் வந்த குழப்பம்

ஸ்லாக்கின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. அதைச் செய்தவர்கள் முதலில் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைத்தான் நடத்தினார்கள். அது ஓடவில்லை, 2012-ல் மூடிவிட்டார்கள். ஆனால் தங்களுக்குள் வேலை பேசிக்கொள்ள அவர்களே செய்துவைத்திருந்த ஒரு கருவி நன்றாக இருந்தது. அதை வெளியில் கொடுக்கலாம் என்று நினைத்து, தெரிந்த கம்பெனிகளிடம் "கொஞ்சம் பயன்படுத்திப் பாருங்களேன்" என்று கெஞ்சிக் கேட்டுக் கொடுத்தார்கள்.

ஆர்டியோ என்ற பாட்டுக் கம்பெனியில் முதலில் சில பேர்தான் பயன்படுத்தினார்கள். பிறகு கம்பெனி முழுக்க 120 பேரும் வந்து சேர்ந்ததும் நிலைமை வேறாகிவிட்டது. சின்னக் குழுவுக்குச் சரியாக இருந்த ஏற்பாடு பெரிய கூட்டத்துக்குச் சரிப்படவில்லை. இதைக் கேட்டுத் திருத்திய பிறகுதான் 2014 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பின்னாளில், 2021-ல், சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பெரிய கம்பெனி சுமார் 2,770 கோடி டாலருக்கு ஸ்லாக்கை வாங்கியது.

நமக்கு இது புதிதில்லை. 15 பேர் இருக்கிற குழுவில் பேசி முடிக்கிற விஷயத்தை ஊராட்சிக் கூட்டமைப்பில் எல்லாக் குழுவும் வந்து உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்று நாம் பார்த்ததுதானே! ஒருவர் ஆட்டுக்கடன் கேட்பார், இன்னொருவர் நடுவில் சந்தா பற்றிப் பேசுவார். வாட்ஸ்அப்பிலும் அதே கதிதான். ஸ்லாக்கில் 2017 ஜனவரியில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஒரு செய்திக்கான பதில்களை எல்லாம் அந்தச் செய்தியின் கீழேயே தனியாகக் கோர்த்து வைக்கும் வசதி அது. ரொம்ப நாளாகப் பயனாளிகள் கேட்டுக்கொண்டிருந்தது.

காது கேளாத ஒருவர் செய்தது

வீடியோவில் பேசும்போது முகம் மட்டும் தெளிவாகவும், பின்னால் இருப்பது மங்கலாகவும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். காயப்போட்ட துணியும் கழுவாத பாத்திரமும் தெரியக் கூடாது என்று வைத்தார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்த வசதியைக் கொண்டுவர உழைத்தவர்களில் ஒருவர் ஸ்வேதா மச்சனவஜ்ஜலா என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர். அவருக்குக் காது கேட்காது. எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இந்தியாவில் இருந்த அப்பா அம்மாவோடு வீடியோவில் பேசும்போது, அவர்களுக்குப் பின்னால் இருந்த வெளிச்சத்தால் உதடு சரியாகத் தெரியவில்லை. பின்புறத்தை மங்கலாக்கினால் என்ன என்ற யோசனை அதிலிருந்து வந்தது. 2018-ல் டீம்ஸில் இந்த வசதி வந்தது. இன்று கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கு இருந்த சிரமம் எத்தனை பேருக்குப் பயன்பட்டது பாருங்க.

ஜூமில் நடந்ததும் நம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. 2020-ல் திடீரென்று உலகமே அதில் கூட்டம் போட ஆரம்பித்தது. முன்பின் தெரியாதவர்கள் நடுவில் புகுந்து கண்டபடி பேசினார்கள். புகார் குவிந்தது. அந்த ஏப்ரலில், வருகிறவரை வாசலில் நிறுத்திவைத்து, கூட்டம் நடத்துகிறவர் அனுமதித்தால் மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு, கடவுச்சொல் இரண்டையும் ஜூம் தானாகவே இயங்கும்படி வைத்தது. இன்னொன்று, பேசுகிறவர்களைத் தவிர வேறு யாரும், கம்பெனிக்காரர்களே கூட, கேட்க முடியாத பூட்டு. இதைக் காசு கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் தருவோம் என்று சொன்னார்கள். ஏழைக்கு மட்டும் ரகசியம் வேண்டாமா என்று எதிர்ப்பு வந்தது. 2020 ஜூன் 17 அன்று, இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள்.

வாடிக்கையாளர் என்பவர் யார்?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டு மாற்றினோம்" என்று எல்லாக் கம்பெனியும் சொல்லும். ஆபீஸ் மென்பொருளுக்குக் காசு கொடுப்பது முதலாளி. அதில் நாள் முழுக்க வேலை பார்ப்பது தொழிலாளி. இருவர் தேவையும் ஒன்றா?

2020-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு வசதியைக் கொண்டுவந்தது. ஆபீஸில் யார் யார் எத்தனை நாள் மெயில் அனுப்பினார்கள், எத்தனை நாள் குரூப்பில் பேசினார்கள் என்பதை எல்லாம் பெயரோடு மேலே இருப்பவர்கள் பார்க்க முடிந்தது. ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் ஒரு மேஸ்திரியை நிற்க வைத்த மாதிரி. வேலை செய்கிறவர்கள் தரப்பிலிருந்தும், தனிமனித ரகசியத்துக்காகப் பேசுகிறவர்களிடமிருந்தும் கடுமையான எதிர்ப்பு வந்தது. 2020 டிசம்பர் 1 அன்று, ஆட்களின் பெயரை எடுத்துவிடுவதாகவும், மொத்தக் கம்பெனியின் கணக்கு மட்டும் தெரியும் என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. காசு கொடுக்காதவர்கள் பேசியதால் வந்த மாற்றம் இது.

2021 மார்ச்சில் ஸ்லாக் இன்னொன்று செய்தது. வேறு கம்பெனியில் இருப்பவருக்கும் அழைப்பு அனுப்பலாம், அதோடு நாலு வரி எழுதியும் அனுப்பலாம் என்றார்கள். வியாபாரிகளுக்கு நல்ல வசதிதான். ஆனால் அசிங்கமாக எழுதி அனுப்புகிறவனையும் தடுக்க வழியில்லையே என்று பயனாளிகள் எடுத்துச் சொன்னார்கள். வெளியிட்ட அன்றே அந்த நாலு வரி எழுதும் வசதியை நிறுத்திவிட்டார்கள். முதலிலேயே தொந்தரவுக்கு ஆளான ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

நம் கையில் இருக்கும் வாட்ஸ்அப்பிலும் இதே கதை உண்டு. முன்பெல்லாம் நம் நம்பர் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் நம்மைக் கேட்காமலே எந்தக் குரூப்பிலும் சேர்த்துவிடலாம். நம் உறுப்பினர்களுக்கு இது சின்ன விஷயமில்லைங்க. முகம் தெரியாதவர்கள் இருக்கும் குரூப்பில் நம்பர் போய்விட்டால், ராத்திரி பத்து மணிக்கு "ஹாய்" என்று வரும். "யாரு அது?" என்று வீட்டில் கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே போன் வேண்டாம் என்று ஒதுங்கிய பெண்கள் இருக்கிறார்கள். 2019 ஏப்ரலில்தான், யார் நம்மைச் சேர்க்கலாம் என்று நாமே முடிவு செய்யும் வசதி வந்தது. செட்டிங்ஸ் போய், பிரைவசி, அதில் குரூப்ஸ். "எல்லோரும்" என்று இருந்தால் "என் காண்டாக்ட்கள்" என்று மாற்றிவிடுங்கள். மற்றவர்கள் சேர்க்க நினைத்தால் தனியாக அழைப்புத்தான் வரும்; விருப்பம் இருந்தால் சேரலாம். இதை இன்றைக்கே செய்துவிடுங்க.

அட்மின் மட்டும் செய்தி போடும் ஏற்பாடு 2018-ல் வந்தது. கூட்டத் தேதி அறிவிக்கும் குரூப்புக்கு இது பொருத்தம். 2022-ல் சத்தமில்லாமல் குரூப்பை விட்டு விலகும் வசதி வந்தது. விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். ஆனால் விலகியவர்கள் பட்டியலைத் தேடிப் பார்க்கிறவருக்கு 60 நாள் வரை தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

நாம் எப்படிச் சொல்வது?

இப்போது குழுக் கணக்கே மென்பொருளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நபார்டு வங்கி 2015-ல் இ-சக்தி திட்டத்தை ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே மாவட்டங்களில் தொடங்கி, பிறகு மற்ற இடங்களுக்கும் கொண்டுபோனது. இந்த மாதிரி ஆப்களில் தினமும் எண்ணைப் போடுகிறவர் நம் கணக்காளர். கணக்கில் இருப்பது உறுப்பினரின் பணம். அறிக்கையைப் பார்க்கிறவர்கள் வங்கியிலும் ஆபீஸிலும் இருக்கிறார்கள். அறிக்கை பார்க்கிறவர்கள் மட்டும் கருத்துச் சொன்னால், ஆப்பும் அறிக்கை பார்க்க வசதியாகத்தான் வளரும்.

ஆனால் "ஆப் வேலை செய்யலைங்க" என்று சொன்னால் போதாது. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது மாதிரி அது. "கடன் தவணையில் அசலைப் போட்டுவிட்டு வட்டியைப் போடப் போனால் அசல் அழிந்துவிடுகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் மட்டும் இப்படி ஆகிறது. போன வாரம் மூன்று முறை ஆனது" என்று சொன்னால், செய்கிறவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். எந்த போன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரையைப் படம் எடுத்து அனுப்பலாம். பெரும்பாலான போன்களில் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் ஒன்றாக அழுத்தினால் படம் பதிவாகும். படத்தில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "புகாரைச் சரி செய்கிறோம், ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். அவன் திருடன்.

இன்னொரு விஷயம். "இங்கே ஒரு சிவப்பு பட்டன் வையுங்கள்" என்று நாமே தீர்வு சொல்வதைவிட, என்ன கஷ்டம் என்று சொல்வது நல்லது. "எழுத்துச் சின்னதாக இருக்கு, 50 வயசுக்கு மேலே இருக்கிற எங்களால படிக்க முடியலை" என்றால் அதைச் சரிசெய்ய நாலு வழி இருக்கும். ஒரே கஷ்டம் பத்துக் குழுவுக்கு இருந்தால், தீர்மானம் போட்டுப் பத்துக் குழுவின் பெயரிலும் சேர்த்து அனுப்புவோம். தனியாக ஒருவர் சொல்வதை "அவங்களுக்குப் பயன்படுத்தத் தெரியலை" என்று தள்ளிவிடுவது சுலபம்.

வாட்ஸ்அப் பற்றிய குறை என்றால் செட்டிங்ஸில் "உதவி" என்ற இடத்திலிருந்தே எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடைசி அரைமணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் கணக்காளர் வரட்டும். போனே இல்லாத உறுப்பினர் ஒருவரையும் கூட அழைத்து வாருங்கள். கட்டிய சேமிப்பு கணக்கில் ஏறியதா என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி ஆப் நடத்துகிறவர்களுக்கு அனுப்புவோம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பக்கத்தில் போடுகிறோம்.