உங்க போன் யார்கிட்ட மணி கேட்குது தெரியுமா?

காலை 9:59. ஏ.சி தட்கல் டிக்கெட்டுக்காக போனும் கையுமா உட்கார்ந்திருக்கீங்க. சுவர்க் கடிகாரம் பத்தைத் தாண்டிடுச்சு. அம்மாவோட வாட்ச், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குங்குது. நீங்க நம்புறதோ போனை மட்டும்தான்!

இத்தனைக்கும் போனுக்குள்ள இருக்கிறதும் குவார்ட்ஸ் கடிகாரம்தான். தனியா விட்டா அதுவும் மெல்ல மெல்ல முன்னப் பின்ன ஓடும். அதனால அப்பப்போ செல்போன் டவர்கிட்டயோ, இன்டர்நெட்ல இருக்கிற டைம் சர்வர்கிட்டயோ மணி கேட்டு சரிபண்ணிக்குது. இன்டர்நெட்ல கேட்கிற முறைக்கு என்.டி.பி-ன்னு பேர். டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1980-களில் உருவாக்கியது.

'பதில் வந்து சேர்றதுக்குள்ள நேரம் ஓடிடுமே?'ன்னு கேட்கலாம். அங்கதான் விஷயமே. கேள்வி எப்போ கிளம்புச்சு, பதில் எப்போ வந்துச்சுன்னு போன் குறிச்சு வச்சுக்கும். போய்வர 80 மில்லி விநாடி ஆச்சுன்னா, திரும்பி வர பாதி, அதாவது 40. சர்வர் சொன்ன நேரத்தோட அந்த 40-ஐக் கூட்டிக்கும். அவ்ளோதான் கணக்கு. போற வழியும் வர்ற வழியும் ஒரே வேகம்ங்கிற நம்பிக்கைலதான் இது ஓடுது. நெட் ரொம்ப இழுத்தா கொஞ்சம் பிசகும்.

சரி, சர்வருக்கு மணி சொல்றது யாரு? அணுக் கடிகாரம். இந்திய நேரத்தை டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் அப்படித்தான் பராமரிக்குது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளை இந்த ஆய்வகம் அல்லது தேசிய தகவல் மையத்தின் டைம் சர்வரோடு ஒத்துப்போக வைக்கணும்னு 2022-ல மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவே போட்டுச்சு. சைபர் திருட்டு நடந்தா, எந்த கம்ப்யூட்டர்ல எது முதல்ல நடந்ததுன்னு கண்டுபிடிக்க நேரம் ஒத்துப்போகணுமே!

கேம்ல லைஃப் வேணும்னு போன் தேதியை நாளைக்கு மாத்துற ஆளா நீங்க? (நானும்தான்.) மாத்திட்டு மறந்தா வினைதான். தேதி தப்பா இருந்தா வாட்ஸ்அப் முரண்டு பிடிக்கும். வெப்சைட்டோட பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதின்னு பிரவுசர் பயமுறுத்தும். ஆதென்டிகேட்டர் ஆப் தர்ற கோடு 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தை வச்சே மாறுறதால, அதுவும் தப்புன்னு வரும். செட்டிங்ஸ்ல 'தேதி, நேரம்' போய் ஆட்டோமேட்டிக்கை ஆன் பண்ணிட்டா போதும்.

ஆனா தட்கல் கவுன்ட்டர் திறக்கிறது உங்க போன் மணிக்கு இல்லை, டிக்கெட் சைட்டோட சர்வர் மணிக்கு. அதனால அந்த சைட்லயே மேல ஓடுற கடிகாரத்தைப் பாருங்க பாஸ்!